இடப்பக்கத்து விளக்கு

தீவுநாட்டுத் தலைநகரான நுகுஅலோபாவில், கடல்மட்டம் அளக்கும் அலுவலகத்தில் செலா சர்வரின் முன் நின்றாள். அதிலிருந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அச்சு. ஒன்று இயந்திரத்தைத் துவக்கும் பூட் டிஸ்க். புதிய இயங்குதளம் ஏற்றுவதற்காக அழிக்கப்படவேண்டியது. மற்றொன்றில் தீவின் இருபதாண்டு அலைக்கணக்கு இருந்தது.

பொறியாளர் கிரெக் பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"பூட் டிஸ்க்க ஓடவிட்டிருக்கேன். அதோட விளக்குதான் சிமிட்டும். இடப்பக்கத்து விளக்கு சிமிட்டலையா?"

"ஆமா."

"அப்ப வலப்பக்கத்த உருவி மேசைல வை. மிச்சத்த அழிச்சுடறேன்."

சிமிட்டிக்கொண்டிருந்தது வலப்பக்கமன்றோ? செலா தயங்கினாள்.

"வலப்பக்கமா, கிரெக்?"

"அதேதான். தப்பானாலும் ஒண்ணும் குடிமுழுகிடாது. உருவு."

மூத்தவரை மறுத்துப் பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. உருவினாள்.

"என்ன பண்ணின? மெஷினே செத்துப்போச்சு. நீ எடுத்தது பூட் டிஸ்க். இடப்பக்கம் சிமிட்டுதுன்னியே?"

"சிமிட்டலையான்னு கேட்டீங்க. ஆமா, சிமிட்டலன்னேன்."

"எங்க ஊர்ல அதுக்கு ஆமான்னா, சிமிட்டுதுன்னு அர்த்தம்."

கிரெக் சிரித்தார். அச்சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

"செலா, நேத்து 'அலைக்கணக்குக்குப் பேக்கப் எடுக்கலையா'ன்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னியே?"

"ஆமா. எடுக்கல."

கிரெக்கின் குரல் மிகவும் தாழ்ந்தது.

"அந்த இடப்பக்கத்து டிஸ்க்க வெளியே எடு, செலா. மெதுவா எடு. எடுத்து உன் மடியிலேயே வச்சுக்க."