சர்வேயர் வந்த அன்று

கிராமத்திலும் சேராமல் நகரத்திலும் சேராமல் நடுவே ஓரிடம் இருந்ததாம். அங்கே ஓர் எல்லைக்கல் நின்றது. பட்டப்பகலில் நாலு பேர் வந்து கடப்பாரையால் அதைப் பெயர்த்து, பத்தடி தள்ளி நட்டுவிட்டார்கள். மனைக்காரி பூங்காவனத்தின் கிணறு பக்கத்து மனைக்குள் போய்விட்டது.

மறுநாள் சர்வேயர் வந்தார். அந்த நாலு பேரும் வந்து நின்றார்கள்.

"கல்லண்ணே, நேத்து வரைக்கும் எங்க நின்னேன்னு சொல்லிடுண்ணே," என்றது பக்கத்து வளையிலிருந்து எலி.

அங்கேயே சாய்ந்திருந்த கடப்பாரை சிரித்தது. "தாராளமா சொல்லட்டும். கல்லு ஒடைச்சு ஜல்லி போடுற மிஷின் அந்தாண்டதான் ஓடுது. சத்தம் கேக்குதா?"

கல்லுக்கு நன்றாகவே கேட்டது.

பூங்காவனம் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு இருக்குற ஒரே சாட்சி நீதான். வாயத் தொறந்து சொல்லேன்!"

கல் பேசவில்லை. சர்வேயர் அதிலிருந்தே சங்கிலி பிடித்து அளந்தார். கிணறு போனது போனதுதான். அழுதுகொண்டே பூங்காவனம் போனாள். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நாலு பேரும் போனார்கள்.

எலி தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வளையை விட்டு வெளியே வந்தது.

"நீயுமா? உன்னை அவங்க ஒண்ணும் செய்யமாட்டாங்களே," என்றது கல்.

எலி குட்டியைக் கீழே வைத்தது. "அவங்களுக்குப் பயந்து போகலண்ணே. உன் பக்கத்துல இருக்கத்தான் பயமா இருக்கு."

குட்டியை மறுபடி கவ்விக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.