அக்கா கையால

சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். தணிகாசலத்துக்கு மிச்சம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணுதான். சம்சாரம் மூணு வருஷம் படுத்துக் கிடந்து, போன மாசம் கண்ணை மூடினது அதுலதான். சும்மா தர்றேன்னு சொல்லியும், செத்தவங்க கட்டில்னு முதியோர் இல்லத்துக்காரங்ககூடத் தொடல. கடைசியா ஒரு பொம்பள லோடு ஆட்டோவோட வந்து நின்னா. புருஷனுக்கு முதுகெலும்புல அடியாம், எழுந்திரிக்க முடியலையாம்.

"இதுல படுத்திருந்தவங்க எழுந்து நடந்தாங்களாண்ணே?"

"நடந்தா"ன்னுட்டார்.

"அப்ப அக்கா கையாலயே தரச் சொல்லுங்க. அந்த ராசி எங்களுக்கும் ஒட்டட்டும்."

"கோயிலுக்கு... நடந்துதான் போயிருக்கா."

அவ முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. வெறுந்தரையில உக்காந்துட்டா. "மெதுவா வரட்டும்ணே. இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

தணிகாசலமும் வாசலையே பார்த்துக்கிட்டு நின்னார்.