ஒரு புள்ளி குறைந்த பலகை

கணவரை அடக்கம் செய்த பதினோராம் நாள் கல்லூரிக்கு வந்த சலோமி, வருடாவருடம் நடத்தும் அதே கணிதப் பாடத்தை ஆரம்பித்தார். விரல் வைக்க இடமில்லாமல் கரும்பலகை முழுக்கச் சாக்பீஸால் புள்ளிகளை இறைத்தார். மாணவிகளைக் கண்மூடச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு புள்ளியை விரல்நுனியால் அழித்தார்.

“எது போச்சு, சொல்லுங்க பாப்போம்.”

யாருக்கும் தெரியவில்லை.

“தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் மத்த புள்ளி மாதிரிதான். ஒண்ணு போனாலும் அடர்த்தி குறையாது.”

கடைசி பெஞ்சிலிருந்து மும்தாஜ் கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமா மேம்?”

சலோமி திரும்பி, சரியாக அங்கே விரலை வைத்தார். மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அழித்த இடத்தில் வைத்த விரலைச் சலோமி எடுக்கவில்லை. அடுத்த வகுப்பு எடுக்க வந்த தங்கதுரை டஸ்டரோடு தயங்கி நின்றார்.

“அழிச்சிரட்டுமா மேடம்?”

“அழிங்க சார். இந்த இடத்த மட்டும் விட்டுருங்க.”

ஓரங்களிலிருந்து அழித்துக்கொண்டே வந்தவர் விரலருகே நின்றார். பலகை முழுக்க இப்போது கறுப்பு. விரலை எடுத்துவிட்டால், அந்த இடம் எதுவென்று இனி சலோமிக்கும் தெரியாது.