காத்திருப்பவர் பெயர்

பூண்டு மூட்டைகளை வடுகபட்டிச் சந்தையில் இறக்கிவிட்டு பூம்பாறைக்குத் திரும்பும்போது, பொன்னுரங்கத்தின் பிக்கப் மலையில் சீறிக்கொண்டு ஏறும். வீட்டில் காத்திருப்பவர் என்று வண்டியில் ஒரு பெயர் பதிவாகியிருந்தால்தான் இன்ஜின் முழு வேகம் தரும். இல்லாவிட்டால் எரிபொருளை மிச்சம் பிடிக்கும். மனைவி செல்லக்கிளி இறந்த மறுவாரம் வண்டி இருபதில் ஊர்ந்தது.

மெக்கானிக் ஃபாரூக் வண்டியின் திரையைப் பார்த்தான். "வண்டியில கோளாறு ஒண்ணுமில்லண்ணே. காத்திருக்கிறவங்க இடத்துல இருந்த மதினி பேர கம்பெனியில எடுத்துட்டாங்க. வேற யார் பேரையாவது சொல்லுங்க, போட்டுர்றேன். யாரு வந்து பாக்கப் போறா?"

பொன்னுரங்கம் யோசித்தார். ஃபாரூக் டீ குடித்துவிட்டு வந்தான், அடுத்த வண்டிக்கு ஆயிலும் மாற்றினான். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்ப்பா," என்றார் கடைசியில். "வெரசா போயி என்ன செய்யப்போறேன்? மெதுவாவே போகட்டும்."