அவையடக்கம் தெரிந்த ஊர்

“ஐயா, தேற்றம் பிழையெண்டு வேறை ஆருக்கும் தெரியுமோ?” வரவேற்பு விழாச் செயலாளர் மார்க்கண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் பேராசிரியர் நாகலிங்கம். “போன வெள்ளி கீரிமலைக் கேணியிலை முழுகேக்கைதான் எனக்கே தெரிஞ்சுது.”

“பேந்தென்ன? பேசாமல் மேடைக்கு வாங்கோ. மேளகாரரும் வந்திட்டினம்.”

நாகலிங்கத்துக்கு அழுகை வந்தது. வளைவுகளையும் பரப்புகளையும் சமன்பாடுகளுக்குள் பிடித்துக் கட்டுகிற கணிதம் அவருடையது. வாலிபம் முழுவதையும் ஒரே தேற்றத்துக்குத் தின்னக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் லண்டனில் ஓர் அறிஞர் சபை பரிசு அறிவித்தது. அதற்குத்தான் மருதனார்மடச் சந்தி வாழை நட்டுத் தோரணம் கட்டியிருந்தது. கேணித் தண்ணீரில் நின்றபோது மனதில் ஒரு வளைவு வந்தது. தேற்றம் அதற்குப் பொருந்தவில்லை. ஒன்றுக்குப் பொருந்தாவிட்டாலும் தேற்றம் பிணம்தான். பிணத்துக்கு மாலை போடலாம், குற்றமில்லை. மேடையேற்றுவதுதான் வழக்கமில்லை.

மேடையில் அவர் எதையும் மறைக்கவில்லை. கரும்பலகையில் அந்த வளைவைக் கீறியே காட்டினார்.

“என்ரை தேற்றம் பிழை. உங்கடை மாலைக்கு நான் தகுதியில்லாதவன்.”

கைதட்டலில் பந்தல் ஆடியது.

“கேட்டியளே? இதெல்லோ அவையடக்கம்!” சற்று முன் தான் கேட்டதையே மறந்து மார்க்கண்டு கண்ணைத் துடைத்தார். “எங்கடை புலவர்மாரும் ‘என்ரை பாட்டிலை பிழையிருக்கும், பொறுத்தருளுங்கோ’ எண்டுதான் தொடங்குவினம். அதைக் கணக்குப் போட்டுக் காட்டினது இவர் ஒராள்தான்!”

“ஐயோ, உண்மையாவே பிழை!”

“பாருங்கோ, இன்னும் அடங்குறார்!”

மேலும் மாலைகள் விழுந்தன. சாமந்திக்குள் மூச்சுத் திணறியபடி நாகலிங்கம் கீழே இறங்கினார். கேம்பிரிட்ஜில் அவரோடு கணிதம் படித்த ஐசாக் எதிரே வந்தார். நாகலிங்கம் அவர் கையை இறுகப் பற்றினார்.

“மச்சான், நீயாவது நம்பு. பிழைதானே?”

“பிழைதான்.”

அந்த ஒரு சொல்லில் நாகலிங்கத்துக்குப் பாதி உயிர் வந்தது.

“தேற்றமில்லையடா, நீ கீறின வளைவு,” என்றார் ஐசாக். “அது தன்னைத்தானே ரெண்டு இடத்திலை வெட்டுது. நீ ஒண்டைத்தான் எண்ணினாய். மற்றதையும் சேர்த்துப் பார், தேற்றம் அச்சொட்டாப் பொருந்தும்.”

நாகலிங்கம் கண்ணை மூடி மனதுக்குள் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

“எழும்படா, பரிசுக்காரா! ஒருக்காச் சிரியன்.”

“கேணியாலை ஏறின கையோடை லண்டனுக்குத் தந்தி அடிச்சிட்டன், ஐசாக். தேற்றம் பிழை, பரிசு வேண்டாமெண்டு. இண்டைக்கு மத்தியானம் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றியாம். பரிசை வேறை ஆளுக்குக் குடுத்திட்டினமாம்.”

“சீச்சீ, இருக்காது!” பின்னாலேயே இறங்கி வந்த மார்க்கண்டு குறுக்கே விழுந்தார். “ஐயா அடக்கத்திலை சொன்னதெண்டு லண்டன்காரருக்கு விளங்காதே?”

“இல்லை மார்க்கண்டு,” என்றார் நாகலிங்கம். “அங்கை பிழையெண்டு சொன்னால், பிழையெண்டுதான் விளங்கிக்கொள்ளுவினம்.”