இறப்புச் சான்றிதழில் ஊறுகாய்

என் கணவர் தேசிங்கின் இறப்புச் சான்றிதழில், காரணம் என்ற இடத்தில் 'ஊறுகாய்' என்று அச்சிட்டிருந்தார்கள். அரசு எல்லார் கையிலும் கட்டிவிட்ட கைப்பட்டை, அவர் தின்றதையும் தூங்கியதையும் முப்பது வருடமாக ஆராய்ச்சிக்கு அனுப்பியிருந்தது; அதை வைத்துத்தான் காரணம் எழுதுகிறார்கள்.

"தெருவுக்குப் பின்னாடியே அனல்மின் நிலையம் சார். நுரையீரல் கரியாப் போச்சு. ஊறுகாயா கொன்னுச்சு?" என்று சான்றிதழ் அலுவலரிடம் கேட்டேன்.

"தெருவுல எல்லாருக்கும் ஒரே காத்துதானேம்மா? ஆளுக்கு ஆள் வித்தியாசப்பட்டாதான் அது காரணம். ஊறுகாய் இவர்தான் அதிகம் தின்னிருக்கார்," என்றார் அலுவலர்.

"அதே மாதிரி இருமிச் செத்த எதிர்வீட்டு மரகதம்?"

திரையைப் பார்த்தார். "அவங்க பகல்ல தூங்கியிருக்காங்க."

"காத்துன்னு எழுதிக் குடுங்க சார். மூணாவது தடவை மனுவோட வர்றேன்."

"நல்ல காத்துல வாழ்ந்த ஒருத்தரோட ஒப்பிட்டாதான் மாத்த முடியும்."

"ஒப்பிடுங்களேன்!"

வெகுநேரம் தேடினார். பிறகு, "மாவட்டத்துலயே அப்படி யாரும் இல்லம்மா," என்று மனுவைத் திருப்பித் தந்தார்.