மூன்று விரல் பள்ளம்

சனியன் ஒழிந்தது என்று தச்சர் அந்தப் பழைய சுத்தியலைக் காயலான்கடையில் போட்டுவிட்டு வந்தார். அவருடைய அப்பா சாகும்வரை பிடித்த சுத்தியல் அது. அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். மரப்பிடியிலும் மூன்று பள்ளம் விழுந்திருந்தது.

புதிதாக வாங்கிய சுத்தியலின் பிடி மறுநாள் காலையில் தேய்ந்து கிடந்தது. மூன்று பள்ளம். கடைக்காரரிடம் சத்தம்போட்டு மாற்றி வந்தார். விடிவதற்குள் அதுவும் தேய்ந்துவிட்டது.

"புதுசுன்னு சொல்லிப் பழசைத் தலையில கட்டுறான். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது அவனுக்கு?" என்று வீட்டில் பொரிந்து தள்ளினார்.

"மாமாவோட சுத்தியலையே திருப்பி வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"போய்க் கேட்டாச்சு. உருக்கிட்டாங்களாம்."

"அப்ப ரெண்டு நாள் பட்டறைப் பக்கம் போகாதீங்க. இருக்கற எரிச்சல்ல நீங்களும் விரலை வெட்டிக்கப்போறீங்க."

அதுவும் சரியென்று பட்டது. பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வாசல் கதவைத் திறந்தார். கதவும் அதன் மரக் கைப்பிடிகளும் போன வாரம் அவரே இழைத்துப் போட்டவை. வெளிப்பக்கக் கைப்பிடி வழவழவென்று அப்படியே இருந்தது.

உள்பக்கத்தில் மூன்று பள்ளம்.